எங்கள் வீட்டில் நங்கூரம் போட்ட எம்டன்

"அவனா? சரியான எம்டன் ஆச்சே!" என்று கெட்டிக்காரப் பிள்ளைகளையும் கில்லாடி ஆசாமிகளையும் நாம் சொல்வது வழக்கம். எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி இரவு. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கரையை நெருங்கிக் குண்டு போட்டது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, கப்பல் வந்த சுவடு தெரியாமல் இருட்டில் மறைந்துவிட்டது. பயந்துபோன ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். அன்று வாயில் ஏறிய பெயர் இன்று வரை இறங்கவில்லை.

அந்த எம்டன் போன வருஷம் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஓர் அட்டைப் பெட்டியில், துண்டு துண்டாக!

என் மகனுக்கு வயது 14. சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஆறு வாரம் மாவுக்கட்டு. ஓடியாடித் திரிகிற பிள்ளை கட்டிலோடு கிடந்தால் எப்படி இருக்கும்? எதற்கெடுத்தாலும் எரிச்சல், தங்கையோடு சண்டை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவது. அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த என் தம்பி, மருமகனுக்கென்று இந்தக் கப்பல் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

விலையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏண்டா, இந்தப் பிளாஸ்டிக் சாமானுக்கா இவ்வளவு காசு?" என்றேன்.

"அக்கா, காலைத்தான் கட்டிப் போட்டாச்சு. கையையாவது அவிழ்த்து விடேன்" என்றான் தம்பி.

350-ல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரிக் கப்பல் அது. அசல் எம்டன் 118 மீட்டர் நீளம். இது 34 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்பளக் குழவி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பெரிய பாகங்கள் எல்லாம் பிளாஸ்டிக். கூடவே ஒரு சின்ன உறையில் காகிதம் போல் மெல்லிய ஒரு பித்தளைத் தகடு. அதில் ஏணி, கைப்பிடிக் கிராதி, கதவு என்று ஏதேதோ. மூக்குத்தித் திருகாணியைவிடப் பொடியான உருப்படிகளும் அதில் இருந்தன.

முதல் இரண்டு வாரம் வேலை மளமளவென்று நடந்தது. கப்பலின் உடம்பு உருவாயிற்று. சாம்பல் நிறமும் பூசியாயிற்று. பித்தளைக்கு வந்ததும் வேகம் நின்றுபோயிற்று. ஒரு நாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு விரல் நீளக் கிராதி ஒட்டினான். அதுவும் கோணல். பிய்த்து எறிந்துவிட்டுப் படுத்துவிட்டான்.

தாய் மனசு கேட்குமா? 'பாவம், குழந்தை கஷ்டப்படுகிறானே' என்று தோன்றிற்று. இருபது வருஷமாகப் பூத்தொடுத்த கை, 21 புள்ளிக் கோலம் போட்ட கை, விளக்கு வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோத்த கை இது. இந்தக் கிராதியை ஒட்டத் தெரியாதா என்ன? காலையில் எழுந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று இரவு 11 மணிக்கு மேஜை முன் உட்கார்ந்தேன்.

என்னென்ன தப்பு செய்யலாமோ அத்தனையும் அன்று ஒரே ராத்திரியில் செய்து முடித்தேன்!

தையல் கத்தரிக்கோலால் தகட்டை வெட்டினேன், அது சுருட்டிக்கொண்டது. வர்ணம் பூசாமல் பளபளவென்று அப்படியே எடுத்தேன். உடனடியாக ஒட்டும் பசையைக் குழாயிலிருந்து நேராகப் பிழிந்தேன். பசை பொங்கி வழிந்தது. இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. அவசரத்தில் நூல்புடவை முந்தானையால் துடைத்தேன். சுரீரென்று சூடு! கொப்புளமே வந்துவிட்டது. காலையில் பார்த்தால், கிராதியைச் சுற்றிச் சாம்பல் வர்ணத்தின் மேல் விபூதி பூசினாற்போல வெள்ளை படர்ந்திருந்தது.

மகன் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. "நீ பண்ணினியாம்மா?" என்று மட்டும் கேட்டான். பெட்டியை மூடிவிட்டான். அன்று காலைப் பலகாரம் சாப்பிடவில்லை. மூன்று நாள் பெட்டி திறக்கவே இல்லை.

என் மாமியார்தான் சொன்னார்: "நீ பாதி போட்டு வெச்ச கோலத்தை, நீ தூங்கறப்போ இன்னொருத்தி வந்து போட்டு முடிச்சா உனக்கு எப்படி இருக்கும்? அவ நல்லாத்தான் போடட்டுமே, அது உன் கோலம் ஆகுமா?"

எனக்குச் சுருக்கென்றது. மகனிடம் போய், "தப்புதாண்டா கண்ணா. எப்படிச் செய்யணும்னு எனக்குச் சொல்லிக் குடு. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன். கைய வைக்க மாட்டேன்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "முதல்ல ஃபேனை நிறுத்தும்மா" என்றான்.

அந்த நாலு வாரத்தில் அவனும் நானுமாகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் கப்பலோ விமானமோ செய்கிற ஒரு பிள்ளை இருக்கலாம். ஓய்வு பெற்ற மாமனாரோ, கணவரோ இருக்கலாம். ஏன், நீங்களே செய்யலாமே!

பித்தளை எதற்கு?

கப்பல் தளத்தின் ஓரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குக் கைப்பிடிக் கிராதி இருக்கும். 350-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் உயரம் 3 மில்லிமீட்டர்தான். அதன் கம்பி தலைமுடிக் கனம் இருந்தால்தான் பொருத்தமாக இருக்கும். பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து அவ்வளவு மெல்லிசாக எடுக்க முடியாது. அதனால் மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒளிபட்டால் மாறும் ஒரு பூச்சைப் பூசி, படத்தை அதில் பதிய வைக்கிறார்கள். வேண்டிய இடங்களைப் பூச்சு மூடிக் காப்பாற்ற, மற்ற இடங்களை ரசாயனக் கரைசல் அரித்துவிடுகிறது. மிஞ்சுவதுதான் கிராதியும் ஏணியும். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் இருக்கும்.

முதலில் வர்ணம், பிறகு வெட்டு

நான் செய்த முதல் தப்பே இதுதான். பாகங்கள் எல்லாம் தகட்டின் சட்டத்தோடு சேர்ந்திருக்கும்போதே வர்ணம் பூசிவிட வேண்டும். ஒட்டிவிட்டுப் பூசினால், தளத்துக்கு ஒரு நிறம், கிராதிக்கு ஒரு நிறம் என்று இருக்கிற இடத்தில் ஒன்றின் வர்ணம் மற்றொன்றில் தீற்றிக்கொள்ளும்.

தகட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் மெதுவாக அலசிக் காய வையுங்கள். கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வர்ணம் பிடிக்காது. அடுத்து, உலோகத்துக்கென்று விற்கும் ப்ரைமர். பித்தளை வழவழப்பானது, ப்ரைமர் இல்லாவிட்டால் மடிக்கும்போது வர்ணம் செதில் செதிலாக உதிரும். அது காய்ந்த பிறகு வர்ணத்தை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் கிராதியின் இடைவெளிகள் அடைத்துக்கொள்ளும். ஸ்ப்ரே அடிப்பதானால் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ, மூக்கை மூடிக்கொண்டு அடிக்கட்டும். மழைநாள் வேண்டாம், ஈரக்காற்றில் சில வர்ணங்கள் மங்கிப்போகும்.

என்ன நிறம் என்பதற்கும் எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றம் நடந்தது! சமாதான காலத்தில் எம்டனுக்கு வெள்ளை உடம்பு. அதனால் 'கிழக்கின் அன்னம்' என்றே செல்லப்பெயர். போர் வந்ததும் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது. வெள்ளைதான் அழகு என்றாள் என் சின்ன மகள். "மெட்ராசுக்கு வந்த ராத்திரி எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருக்கணும்" என்று சாம்பலில் உறுதியாக நின்றான் இவன்.

வெட்டுவதும் மடிப்பதும்

தகட்டை மெத்தென்ற பரப்பில் வைத்து வெட்டினால் பாகம் வளைந்துபோகும். பழைய டைல்ஸ் துண்டு, கடப்பாக்கல் துண்டு ஏதாவது ஒன்றின் மேல் வைத்து, கூரான பிளேடு கத்தியால் நேராக அழுத்தி வெட்ட வேண்டும். வெட்டும்போது மேலே ஒரு விரலோ ஒட்டும் டேப்போ இருக்கட்டும். இல்லாவிட்டால் பொடிப் பாகம் தெறித்து ஓடிவிடும், கண்ணிலும் படலாம். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. வெட்டிய இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறை நகம் தேய்க்கும் அரத்தால் லேசாகத் தேய்த்துவிடலாம்.

கிராதிக்கு அளவெடுப்பது ரவிக்கைக்கு அளவெடுப்பது போலத்தான். ஒரு காகிதப் பட்டையைத் தளத்தின் ஓரத்தில் வைத்துக் குறித்துக்கொண்டு, அந்த அளவில் வெட்ட வேண்டும். வளைவான இடம் என்றால் ஒட்டுவதற்கு முன்பே பென்சிலின் மேல் உருட்டி வளைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டிவிட்டு வளைக்கலாம் என்றால் நடக்காது. மடிப்பும் ஒரே தடவைதான். முன்னும் பின்னும் மடித்து நிமிர்த்தினால் பித்தளை பட்டென்று ஒடிந்துவிடும்.

ஒட்டும் பக்குவம்

உடனடிப் பசையைக் குழாயிலிருந்து நேராக வைக்கவே கூடாது. ஒரு பிளாஸ்டிக் மூடியில் ஒரே ஒரு சொட்டு விட்டுக்கொள்ளுங்கள். நம் வீட்டுத் தையல் ஊசி ஒன்றை எடுத்து, காதின் மேல் நுனியைக் குறடால் வெட்டிவிட்டால் குட்டிக் கவடு போல் ஆகும். அதைப் பசையில் தொட்டால் இடுக்கில் கடுகளவு பசை நிற்கும். ஒட்ட வேண்டிய இடத்தில் அந்தக் கடுகு போதும். இந்த யோசனையை மகன் சொன்னபோது, இத்தனை வருஷம் காது உடைந்த ஊசிகளை வீணாகக் குப்பையில் போட்டோமே என்று இருந்தது!

கிராதியை முதலில் பசையில்லாமல் வைத்துப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் ஒரு முனையை மட்டும் ஒட்டி, அது பிடித்த பிறகு மறு முனை வரை நேர்பார்த்து, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பசை தொட்டுக்கொண்டே போக வேண்டும். கை பழகாதவர்களுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே உத்தமம். மெதுவாகக் காயும், கோணினால் நிமிர்த்தலாம், ஈரப் பிரஷ்ஷால் துடைத்துவிடலாம், காய்ந்தால் வெளியே தெரியாது. பாரம் தாங்க வேண்டிய பாகங்களுக்கு மட்டும் உடனடிப் பசை. அங்கேயும் ஒட்டும் இடத்தில் மட்டும் வர்ணத்தைச் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பசை வர்ணத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். வர்ணம் உரிந்தால் பாகமும் கூடவே வந்துவிடும்.

நான் பார்த்த அந்த 'விபூதி' என்ன தெரியுமா? பசையின் ஆவி காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து, பக்கத்தில் வெள்ளையாகப் படிவதுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில், ஜன்னலைச் சாத்திவிட்டு, பசையும் நிறைய வைத்தால் கேட்க வேண்டுமா? சொட்டுக் குறைந்தால் வெள்ளையும் குறையும். படிந்துவிட்டால் மேலே மறுபடி வர்ணம் பூசி மறைத்துவிடலாம். எங்கள் எம்டனுக்கு அப்படித்தான் செய்தோம். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனால் துடைக்கலாமே என்று நான் எடுத்துக்கொண்டு போனபோது மகன் அலறினான். அது பட்டால் கப்பல் பிளாஸ்டிக்கே கரைந்துவிடுமாம்!

வரிசையும் முக்கியம். உள்பக்கத்துப் பாகங்கள் முதலில், ஓரத்துக் கிராதி கடைசியில். முன்னாலேயே ஒட்டினால் கைபட்டு நசுங்கும். கப்பலை ஒரு பலகையில் திருகாணி வைத்துப் பொருத்திவிட்டால், பலகையைப் பிடித்துத் திருப்பலாம். கப்பலைத் தொடவே வேண்டாம். எல்லாம் முடிந்ததும், வெட்டிய முனைகளில் மின்னும் பித்தளைக்கு மெல்லிய பிரஷ்ஷால் ஒரு பொட்டு வர்ணம். மேலே மினுமினுப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. பசைத் தடம் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

கைக்குழந்தை உள்ள வீடா? கவனம்!

1. பித்தளைத் துணுக்கு தரையில் விழுந்தால் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். மேஜையின் கீழ் பழைய வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். விழுந்தது பளிச்சென்று தெரியும். தரையில் விழுந்ததைத் தேட விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு தரையாக அடித்தால், நிழல் காட்டிக் கொடுக்கும்.

2. உடனடிப் பசையைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் அது கடுஞ்சூடாகித் தோலைச் சுடும். என் கொப்புளமே சாட்சி.

3. விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, மெதுவாக உருட்டிப் பிரிக்க வேண்டும். கண்ணிலோ உதட்டிலோ பட்டால் அசிட்டோன் வேண்டவே வேண்டாம். கண்ணை வெதுவெதுப்பான நீரால் கழுவி, இமையை வலுக்கட்டாயமாகத் திறக்காமல், உடனே கண் டாக்டரிடம் போங்கள்.

4. தினர், டர்பன்டைன் முதலியவற்றைக் குடிநீர் பாட்டிலிலோ டம்ளரிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

5. கத்தி, பசை, வர்ணம் மூன்றும் வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில், உயரமான அலமாரியில். இதில் சமரசமே கூடாது.

கண்ணும் கழுத்தும்

ஃபேனை நிறுத்தினால்தான் பாகம் பறக்காது. ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும், கை நிழல் விழாது. குனிந்தே இருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பலகையைப் புத்தகங்களின் மேல் வைத்து உயர்த்திக்கொள்ளலாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் நிமிர்ந்து, எதிர் வீட்டு மரத்தையாவது பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை தடுமாறுவது இயல்பு. அவர்களுக்கு டாக்டர் தரும் கண்ணாடியும் ஸ்டாண்டு வைத்த பூதக்கண்ணாடியும் வேண்டும். வீம்புக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் தலைவலிதான் மிச்சம்.

அம்மாவின் வேலை என்ன?

நான் சொன்னபடியே கையை வைக்கவில்லை. பூதக்கண்ணாடியைத் திருப்பினேன், ஊசியைத் துடைத்துக் கொடுத்தேன், தொலைந்ததைத் தேடினேன். ஒரு நாள் ஏணி ஒன்று மூன்று தடவை கீழே விழுந்தது. 'இங்கே கொடு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நாலாவது தடவை அது நின்றது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தச் சந்தோஷத்தைத்தான் அன்று ராத்திரி நான் அவனிடமிருந்து பறிக்கப் பார்த்திருக்கிறேன்.

வேலையோடு வேலையாகப் பேச்சும் வளர்ந்தது. எதிரியை ஏமாற்ற எம்டன் செய்த தந்திரத்தை அவன் சொன்னான். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிவதற்காக, பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றை அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் நிறுத்தி வைத்தாராம். கடைசியில் 1914 நவம்பர் 9-ம் தேதி, கோகோஸ் தீவுகளுக்கு அருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் எம்டன் மாட்டிக்கொண்டு அழிந்தது. சரித்திரப் புத்தகத்தைத் தொடாத பிள்ளை இதையெல்லாம் தேதியோடு சொன்னான். கால் எப்படி முறிந்தது என்ற உண்மைக் கதையும் அந்த மேஜையில்தான் வெளியே வந்தது. நண்பனோடு பந்தயம் கட்டிப் பாலத்துச் சரிவில் கையை விட்டு ஓட்டினானாம்! திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்த தடவை சொல்லமாட்டானே.

முதன்முதலாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. எடுத்த எடுப்பில் பித்தளைப் பாகம் உள்ள விலையுயர்ந்த பெட்டி வேண்டாம். வெறும் பிளாஸ்டிக்கில் ஒரு சின்னக் கப்பல் செய்து கை பழகட்டும். பித்தளையை அடுத்த கப்பலில் பார்த்துக்கொள்ளலாம்.

மாவுக்கட்டு பிரித்த மறு வாரம் எம்டன் கூடத்து ஷோகேஸில் ஏறியது. ஒட்டி முடிக்கும் நாள், பின்தளத்தில் இரண்டு சென்டிமீட்டர் இடத்தை விட்டு வைத்து, "அம்மா, இது நீ ஒட்டு" என்றான். கை நடுங்கிற்று. ஊசிக் கவட்டில் கடுகளவு பசை தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். சற்றே சாய்ந்துதான் நிற்கிறது. நிமிர்த்திவிடேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அது உன் கிராதிம்மா. நான் கை வைக்க மாட்டேன்" என்கிறான்.